ரோகிணி ஏன் பொய் சொன்னாள்? சீரியல் பேசும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

திண்டிவனத்தில் ஏறினால் மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், அடுத்தது விழுப்புரம். காலை பாசஞ்சரில் பதினான்கு வருடமாக சீசன் டிக்கெட்டில் போய் வருகிறேன். மயிலம் வருவதற்குள் யாராவது மடியில் பூவை விரித்துக் கட்ட ஆரம்பித்திருப்பார்கள். யாராவது வீட்டில் சாப்பிட நேரமில்லாமல் எடுத்து வந்த இட்லி டப்பாவைத் திறந்திருப்பார்கள். "நேத்து பாத்தியாக்கா?" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், பெட்டியே பேச ஆரம்பித்துவிடும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பெண்கள் இறங்குவதற்குள் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் மறுநாளும் அதே வழக்குதான்.

இதை வெட்டிப் பேச்சு என்று சொல்கிறவர்களை நிறைய பார்த்திருக்கிறேன். நான் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. சொந்த மாமியாரைப் பற்றி ரயிலில் வாய் திறக்க முடியாது. 'சிறகடிக்க ஆசை' விஜயாவைப் பற்றித் திறக்கலாம். புருஷன் தன்னைக் கேட்காமல் நகையை அடகு வைத்ததைச் சொல்ல முடியாது. விஜயாவின் மகன் மனோஜ் அப்பாவின் ரிட்டயர்மென்ட் பணத்தோடு ஓடியதைச் சொல்லி ஆத்திரப்படலாம். நம் வீட்டு வழக்கை இன்னொரு வீட்டின் பெயரில் பேசிக்கொள்ள நமக்கு இருக்கிற இடம் இது. அதனால்தான் இந்தப் பேச்சு பொறுப்பாக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கீழே இருப்பவற்றில் சிலவற்றை நானே தப்பாகச் செய்து, அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை

"என்ன செய்தாள்" என்பதோடு நிறுத்தாதீர்கள், "ஏன் செய்தாள்" என்று கேளுங்கள்.

அதே 'சிறகடிக்க ஆசை' ரோகிணியையே எடுத்துக்கொள்வோம். முதல் கல்யாணத்தை மறைத்தாள். பெற்ற பிள்ளை கிரிஷை மறைத்தாள். கல்யாணி என்ற சொந்தப் பெயரையே மறைத்தாள். மலேசியாவில் பணக்கார அப்பா இருப்பதாகச் சொல்லி மனோஜைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவும் தப்புதான், அதில் எங்கள் பெட்டியில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருநாள் பேரணியில் ஏறுகிற பெரியம்மா ஒருவர் பூக்கட்டிக்கொண்டே கேட்டார்: "ஒரு கொழந்தையோட, புருசன் இல்லாம, பார்லர்ல வேலை பாக்குறேன்னு உண்மையச் சொல்லிகினு வந்திருந்தா அந்த விஜயா வாசப்படி ஏத்தி இருப்பாளா?" பெட்டி கொஞ்ச நேரம் அமைதியானது.

ரோகிணியின் தப்பு அந்தக் கேள்வியால் குறையவில்லை. ஆனால் எந்த வீட்டில் பணத்தை வைத்து மருமகளை எடை போடுகிறார்களோ அந்த வீட்டிடம்தான் அவள் பணத்தைப் பற்றிப் பொய் சொன்னாள் என்பது எல்லாருக்கும் விளங்கியது. விஜயா தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னாள். ரோகிணி அந்த ஆசைக்கு ஏற்ற ஆளாகத் தன்னை மாற்றிக்கொண்டாள். அப்படிப் பார்த்தால் பொய்யில் விஜயாவுக்கும் பங்கு உண்டா? அன்றைக்கு விழுப்புரம் வரைக்கும் அந்த வழக்கு முடியவில்லை. ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது அவளுக்கு என்ன வேண்டும், அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்ற இரண்டையும் கேட்டுப் பாருங்கள். திட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.

கதைக்குள்ளேயே சாட்சி தேடுங்கள்.

"அவ கொணமே அப்படித்தான்" என்பது சாட்சி ஆகாது. 'பாக்கியலட்சுமி'யில் பாக்கியா மசாலாத் தொழில் தொடங்கியபோது அதற்கு 'ஈஸ்வரி மசாலா' என்று மாமியார் பெயரை வைத்தாள். மகன் பக்கம் சாய்ந்து பேசுகிற மாமியார், தன்னைப் படிப்பில்லாதவள் என்று மட்டம் தட்டிய வீடு. பிறகு ஏன் அந்தப் பெயர்? பயமா, பாசமா, இப்படிச் செய்தாலாவது வீட்டில் அனுமதி கிடைக்கும் என்ற சாமர்த்தியமா? என்னைக் கேட்டால் மூன்றும்தான். நம் ஊரில் முதன்முதலாக வெளியில் காலெடுத்து வைக்கிற பெண்கள் பலரும் வீட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைத் துணைக்குப் பிடித்துக்கொண்டுதான் வைக்கிறார்கள். திண்டிவனம் பஜாரில் பெண்கள் நடத்துகிற தையல் கடை, டிபன் கடைப் பெயர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள்.

வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆண்களையும் கூண்டில் ஏற்றுங்கள்.

சீரியல் பேச்சு என்றாலே மாமியார், மருமகள், வில்லி என்று பெண்களை மட்டுமே நிறுத்தி வைத்துத் திட்டுகிறோம். இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. 'மெட்டி ஒலி'யில் சரோஜா பட்ட பாட்டுக்கு மாமியார் ராஜத்தைத் தமிழ்நாடே திட்டியது. கை ஓங்கியவன் மாணிக்கம்தானே? அம்மா சொன்னாள் என்றால் அடிக்கிற கை யாருடையது? 'எதிர்நீச்சல்' வீட்டில் குணசேகரனுக்கு மூன்று தம்பிகள். ஞானம், கதிர், சக்தி. படித்த பெண்களாகத் தேடிப் பிடித்துக் கட்டிவந்து, நடனம் தெரிந்த ரேணுகாவையும் சமையலில் கைதேர்ந்த நந்தினியையும் அடுப்படிக்குள்ளேயே அடைத்து வைத்தது அண்ணன் ஒருவன் மட்டும் இல்லை. தம்பிகள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுந்து போனதால்தான் அது நடந்தது. விஜயா தன் இன்னொரு மருமகள் மீனாவைப் பேசுகிற பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் அவள் புருஷன் அண்ணாமலை நல்ல மனிதர்தான். மீனாவுக்கு ஆதரவாகவும் பேசுகிறார். அவர் பேசியும் இத்தனை நாள் ஏன் எதுவும் மாறவில்லை என்று கேளுங்கள். ஆண்கள் இருக்கிற இடத்திலும் கேளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கதாபாத்திரத்தின் மனசை அலசுவது டிவி வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைப்பவர்கள் செஞ்சிப் பக்கம் ஒரு சித்திரை, வைகாசியில் வந்து பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் இல்லை. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிக் கோயிலைத்தான் மூலக்கோயில் என்று சொல்வார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தச் செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி வழிபாட்டைப் பற்றியே பெரிய பெரிய புத்தகங்கள் எழுதினார். திருவிழா நாட்களில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரியில் கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு கதை. கடைசியில் களத்து மண்ணில் துரியோதனனை உருவமாக வளர்த்துப் படுகளம்.

என் ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் கர்ண மோட்சம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் களத்துமேட்டில் மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டே அவர் நடத்திய விவாதம் இன்னும் என் காதில் இருக்கிறது. சண்டைக்கு முன்னால் குந்தி கர்ணனைத் தேடி வருகிறாளே, மகனைப் பார்க்க வந்தாளா, வரம் வாங்க வந்தாளா? நாகாஸ்திரத்தை இரண்டாம் தடவை விடாதே என்று கேட்கிறவள் தாயா? "மத்த அஞ்சு பேருக்கும் அவ தாய்தானடி, அவ இன்னா பண்ணுவா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. "அஞ்சு பேருக்குத் தாய்னா ஆறாவது பேருக்கு யாரு?" என்றார் ஆயா. நான் அப்போது சின்னப் பிள்ளை. யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. மல்லாட்டைக் குவியல் மட்டும் கரைந்துகொண்டே வந்தது.

அதே ஆயா பிறகு 2006-ல் தொடங்கிய இலவச கலர் டிவி திட்டத்தில் வீட்டுக்கு வந்த பெட்டியில் 'கோலங்கள்' பார்த்தார். அபிக்கும் தொல்காப்பியனுக்கும் இருப்பது நட்பா, அதற்கு மேலா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தபோது ஆயா சொன்னது: "அந்தப் பொண்ணுக்கு மூச்சு வுட ஒரு எடம் வேணும். அது அந்தப் பையன். அதுக்குப் பேரு எதுக்கு?" ஒரு ஆணும் பெண்ணும் நட்பாக இருப்பதை அந்தக் காலத்து மனுஷி இப்படிப் புரிந்துகொண்டதில் இன்றைக்கும் எனக்குப் பெருமை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

பார்க்காதவருக்கு முதலில் கதையைச் சொல்லுங்கள்.

வழக்கை நியாயமாகச் சொல்லத் தெரிந்தவர்தான் நியாயமாகத் தீர்ப்பும் சொல்வார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் அரை மீட்டர் மழையை ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போனபோது எங்கள் தெருவில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார்ந்து, முன்பு பார்த்த கதையையே ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தி மீனா பக்கமிருந்து சொன்னாள், ஒருத்தி அந்த வீட்டு இன்னொரு மருமகள் ஸ்ருதி பக்கமிருந்து சொன்னாள். பத்தாவது படிக்கிற ஒரு பெண் விஜயா பக்கமிருந்து சொல்லிப் பார்த்தாள், அழகாக வந்தது. ஒரே சண்டை மூன்று பேர் வாயில் மூன்று கதையானது. கரண்ட் இருக்கிற நாளிலும் இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்.

கருத்தை மாற்றிக்கொள்ள இடம் கொடுங்கள். 'எதிர்நீச்சல்' கதிரைக் கரித்துக் கொட்டியவர்களே பின்னால் அவன் மனம் மாறியபோது அழுதார்கள். "அன்னிக்கு நீதானே திட்டின?" என்று மடக்காதீர்கள்.

செய்யக்கூடாதவை

கதாபாத்திரத்தின் பாவத்தை நடிகர் தலையில் கட்டாதீர்கள்.

ஜி. மாரிமுத்து தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கத்துக்காரர். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கியவர். 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' வரும்வரை அவர் முகம் பலருக்குத் தெரியாது. ஆதி குணசேகரனாக அவர் வந்த பிறகு, பெண்களை அடக்கி வைக்கிற எல்லா அண்ணன்களுக்கும், எல்லாப் புருஷன்களுக்கும் அவர் முகமே அடையாளமானது. 2023 செப்டம்பர் 8-ம் தேதி காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருக்கும்போது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்று மாலை ரயிலில் நான் பார்த்தது மறக்காது. அதுவரை குணசேகரனை நாள் தவறாமல் சபித்துவந்த அக்கா ஒருவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார். "திட்டினதெல்லாம் அந்த மனுசனுக்குப் போய்ச் சேந்திருக்குமா?" என்று கேட்டார். போய்ச் சேர்ந்திருக்காது என்று சொன்னேன். குணசேகரனைத் திட்டத்தானே அவர் அப்படி நடித்தார்? நமக்கு வந்த கோபம் அவர் தொழிலில் கெட்டிக்காரர் என்பதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கோடு எல்லாருக்கும் அத்தனை தெளிவாகத் தெரிவதில்லை. கடைத்தெருவில் வில்லி நடிகையைப் பார்த்தால் முகத்துக்கு நேரே ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையை எல்லாரும் வீட்டுப் பிள்ளையாகவே நினைத்தோம். அந்த வேடத்தில் நடித்த வி.ஜே. சித்ரா 2020 டிசம்பர் 9-ல் இறந்தபோது, முல்லைக்கும் கதையில் அவள் புருஷனாக வந்த கதிருக்கும் இருந்த உறவை வைத்து அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். இறந்துபோனது சித்ரா. முல்லையாக வேறொருவர் நடிக்க, கதை தொடர்ந்தது. முல்லையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சித்ராவைப் பற்றிப் பேச அவருக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பக்கத்தில் இருப்பவரைக் கதாபாத்திரத்தின் பெயரால் குத்தாதீர்கள்.

"எங்க வூட்டு ரோகிணி வந்துட்டா" என்று மருமகள் காதில் விழுகிற மாதிரி சொல்வதும், "எங்க அத்தை அச்சு அசல் விஜயா" என்று மாமியார் எதிரிலேயே சொல்வதும் விளையாட்டு இல்லை. கதையில் இருக்கிற விஜயாவுக்குக் காது கேட்காது. உங்கள் அத்தைக்குக் கேட்கும். இன்னொரு பெயரில் பேசுவதில் இருக்கிற பாதுகாப்பே இதனால் போய்விடும், நாளைக்கு அந்த வீட்டில் ரிமோட்டைக் கையில் எடுக்கவே ஆள் பயப்படுவார்கள்.

நிறத்தையும் தொழிலையும் சாதியையும் உள்ளே இழுக்காதீர்கள்.

மீனா பூக்கட்டி விற்கிறவள், அவள் புருஷன் முத்து கார் ஓட்டுகிறவன். அதைச் சொல்லி விஜயா அவர்களை மட்டம் தட்டுகிறாள் என்பதுதான் கதை. கதையைப் பேசுகிற நாமும் "என்ன இருந்தாலும் பூக்காரி பொண்ணுதானே" என்று சொன்னால் நாமும் விஜயா பக்கம் போய் உட்கார்ந்துவிடுகிறோம். எங்கள் பெட்டியில் பூக்கட்டிக்கொண்டே வருகிற பெண்கள் நாலைந்து பேர் தினமும் இருப்பார்கள். ஒரு தடவை இப்படி ஒரு வார்த்தை விழுந்தபோது பூத்தொடுத்த விரல்கள் நின்றதைப் பார்த்தேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"அவங்க எந்த ஆளுங்க?" என்று கதாபாத்திரத்தின் சாதியைத் துருவுகிற பழக்கமும் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. இந்த மாவட்டத்தில் அந்தக் கேள்வியால் எத்தனை வீடு எரிந்தது என்று இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். கற்பனைக் குடும்பத்துக்குள்ளும் அந்தத் தீக்குச்சியைக் கொண்டுபோக வேண்டாம்.

அவளைப் பரிசாக்கி ஏலம் விடாதீர்கள்.

'சிங்கப்பெண்ணே'யில் ஆனந்திக்கு அன்பு பொருத்தமா, மகேஷ் பொருத்தமா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்கிறோம். அன்பு எவ்வளவு காத்திருந்தான், மகேஷ் எவ்வளவு உதவினான் என்று கணக்குப் போடுகிறோம். கிராமத்திலிருந்து கடனைத் தலையில் சுமந்துகொண்டு சென்னை கார்மென்ட்ஸ் வேலைக்கு வந்த ஒரு பெண், தனக்கு என்ன வேண்டும் என்று நினைக்கிறாள்? அதைப் பேசுகிறவர்கள் குறைவு. திண்டிவனத்திலிருந்து அப்படி வேலைக்குப் போகிற பெண்கள் எங்களோடு ரயில் ஏறுகிறார்கள். அவர்கள் காது கேட்கப் பேசும்போதாவது இதை நினைவில் வையுங்கள்.

புரமோவை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். அரை நிமிடத்தில் ஓர் அறையும் ஓர் அழுகையும் காட்டுவார்கள். யார் அறைந்தது, யாருக்கு விழுந்தது, கனவா நிஜமா என்பது அன்று ராத்திரி பார்த்தால்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மனோதத்துவம் தேடாதீர்கள்.

சில சமயம் ஒரு கதாபாத்திரம் திடீரென்று வெளியூர் போய்விடும், கோமாவில் படுத்துவிடும், நல்லவளாக இருந்தவள் ஒரே வாரத்தில் கெட்டவளாகிவிடுவாள். "ஏன் மாறினா?" என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். பல தடவை காரணம் கதைக்குள் இருக்காது. நடிகைக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம், வேறு தொடருக்குப் போயிருக்கலாம், வாராவாரம் வருகிற ரேட்டிங் குறைந்திருக்கலாம். வாரத்துக்கு ஐந்து, ஆறு நாள் ஓடுகிற தொடருக்கு முந்தின நாளோ அன்று காலையோ வசனம் எழுதிக் கொடுப்பதும் உண்டு. அந்த அவசரத்தில் குணம் கொஞ்சம் முன்னே பின்னே போகத்தான் செய்யும்.

கதை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தாலும் சில முடிச்சு அவிழும். 'பாக்கியலட்சுமி'க்கு மூலம் 'ஸ்ரீமோயி' என்ற வங்காளத் தொடர். இந்தியில் அதையே 'அனுபமா' என்று எடுத்தார்கள். பாக்கியாவின் புருஷன் கோபி ஏன் இப்படி, ராதிகா ஏன் இப்படி என்று நாம் பேசியதைக் கல்கத்தாவில் நமக்கு முன்னாலேயே பேசியிருப்பார்கள். பாக்கியாவோடு சிநேகமாகப் பழகிய ராதிகாவுக்கு, தான் கட்டிக்கொள்ள நினைக்கும் ஆள் பாக்கியாவின் புருஷன் என்றே முதலில் தெரியாது. ஆனாலும் அந்தப் பெண்ணைத்தான் முதலில் ஏசினார்கள் என்று நினைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. தெரிந்துகொண்டே இரண்டு பேரையும் ஏமாற்றியவன் ஒருவன்தான்.

சகித்துக்கொள்வதையே நல்ல குணம் என்று புகழாதீர்கள்.

இதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன்.

1984-ல் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் தொடங்கியது. 156 பகுதி. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து, இன்று பார்த்ததில் யார் செய்தது சரி என்று நேயர்களிடம் பேசுவார். லட்சக்கணக்கில் கடிதம் குவிந்தது. அந்தத் தொடரில் பாகவந்தி என்று ஒரு தாய். புருஷனிடமும் மாமியாரிடமும் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கிடப்பாள். பெண்கள் இப்படிக் கிடக்கக் கூடாது என்று காட்டத்தான் எடுத்தவர்கள் அவளைப் படைத்தார்கள். பார்த்தவர்களில் பலர் அவளையே உத்தமப் பெண் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஆராய்ச்சி செய்தவர்கள் இதைக் கண்டு திகைத்தார்கள். சரோஜாவுக்கும் நாம் அதைத்தான் செய்தோம். 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி'யை மறுபடி போட்டபோது "எவ்ளோ பொறுமை அந்தப் பொண்ணுக்கு" என்று அதே பாராட்டு மறுபடி கேட்டது.

இதற்கு நேர் எதிரான தப்பை நான் செய்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு காலை. அடி வாங்குகிற ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிப் பேச்சு. "அடிக்கிறவன் வூட்ல இன்னாத்துக்கு இருக்கா? கெளம்பிப் போக வேண்டியதுதானே? சோத்துல உப்பு போட்டுத்தானே துன்றா?" என்று நான்தான் சத்தமாகச் சொன்னேன். நாலு பேர் ஆமாம் போட்டார்கள். எதிர் சீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண். விக்கிரவாண்டியில் ஏறியவள், தினமும் வருகிறவள் இல்லை. குழந்தையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டே, யாரையும் பார்க்காமல், "எங்கக்கா போறது?" என்றாள். கேள்வி கதையைப் பற்றி இல்லை என்பது எனக்குப் புரிவதற்குள் முண்டியம்பாக்கம் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டாள். அவளை மறுபடி பார்க்கவில்லை.

"எங்கே போவது?" என்பதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. விழுப்புரத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். முதலாவது, போக வேண்டியது அவளே இல்லை. 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அந்த வீட்டில் குடியிருக்க உரிமை உண்டு, அடிப்பவனைத் தடுக்க கோர்ட் உத்தரவு போடலாம். இரண்டாவது, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மனு எழுத அவரே உதவ வேண்டும். வக்கீல் பீஸ் கொடுக்க முடியாத பெண்ணுக்கு இலவச சட்ட உதவி உண்டு. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருக்கிறது. இத்தனை வருடம் அடி வாங்குகிற பெண்களின் கதையை ராத்திரி ராத்திரியாகப் பார்த்த எனக்கு இதில் ஒன்றுகூட அதுவரை தெரியாது.

இங்கிலாந்தில் பிபிசி வானொலியில் பல பத்தாண்டாக ஓடுகிற 'தி ஆர்ச்சர்ஸ்' என்று ஒரு நாடகம். அதில் ஹெலன் என்ற பெண்ணை அவள் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாக நசுக்குகிற கதை 2016-ல் உச்சத்துக்கு வந்தபோது, கேட்டவர்கள் அவள் ஏன் போகவில்லை என்று பேசுவதோடு நிற்கவில்லை. நிஜத்தில் அந்த நிலையில் இருக்கும் பெண்களுக்கு அடைக்கலம் தருகிற அமைப்புக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் தினமும் ஒரு பெட்டி நிறைய ஆட்கள் இருக்கிறோம்.

அதனால் இப்போது எங்கள் பெட்டியில் அடி வாங்குகிற கதை வந்தால் பேச்சோடு பேச்சாக ஒரு எண்ணையும் யாராவது சொல்லிவிடுகிறோம். யாரையும் பார்த்துச் சொல்வதில்லை, யாரையும் எதுவும் கேட்பதில்லை. "அவளுக்கு யாராவது 181-ன்னு சொல்லி இருக்கலாம்" என்று கதாபாத்திரத்துக்குச் சொல்வதுபோலச் சொல்வோம். கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். நீங்களும் உங்கள் ரயிலில், பஸ்ஸில், நூறு நாள் வேலைக்குப் போகிற ஏரிக்கரையில் அப்படிச் சொல்லுங்கள். பெண்கள் உதவி எண் 181. காசு கிடையாது. ராத்திரி சீரியல் எல்லாம் முடிந்த பிறகும் எடுப்பார்கள்.